முதிர மறுக்கும் செல்கள்

மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. அத்தனையும் கருவுற்ற ஒரே முட்டையிலிருந்து பிரிந்து பெருகி வந்தவை. பெருகினால் மட்டும் உடல் உருவாகிவிடாது. பிரிந்த செல்களில் ஒன்று நரம்பாக வேண்டும், ஒன்று தோலாக வேண்டும், மற்றொன்று ரத்தச் சிவப்பணுவாக வேண்டும். ஒரு செல் தனக்கென்று ஒரு வேலையும் அதற்கேற்ற உருவும் பெறுவதை ‘வேறுபாடடைதல்’ என்கிறது உயிரியல். செல் பிரிவதும் வேறுபாடடைவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நெற்பயிர் கதிர் பிடிக்கத் தொடங்கியதும் தூர் கட்டுவதை விட்டுவிடும். அதுபோல, பெரும்பாலான திசுக்களில் ஒரு செல் முதிர்ந்து வேலையில் இறங்கியதும் பிரிவதை விட்டுவிடுகிறது. இந்தப் பிணைப்பு அறுந்து, முதிராமலே பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் பெருக்கம்தான் புற்றுநோய். வளர்ச்சி எப்படிக் கட்டுப்படுகிறது, முதிர்ச்சி எப்படி நிகழ்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நோய் பிடிபடும்.

திசுவுக்கு ஒரு வேகம்

எலும்பு மஜ்ஜை ஒரே நாளில் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ஒவ்வொன்றும் 120 நாள் அளவுக்கு உழைத்துவிட்டு அழிகிறது. சிறுகுடலின் உட்பரப்புச் செல்கள் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாகின்றன. மூளையிலுள்ள நரம்புச் செல்களில் மிகப் பெரும்பாலானவை முதிர்ந்தபின் பிரிவதே இல்லை.

கல்லீரல் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. சாதாரண நாட்களில் அதன் செல்கள் அரிதாகவே பிரியும். எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை அறுத்து எடுத்தால், மிச்சமிருக்கும் செல்கள் பிரியத் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் பழைய எடையை எட்டிவிடுகின்றன. எட்டியதும் பிரிவு தானாக நின்றுவிடுகிறது. பிரியும் திறன் இருப்பதால் எந்தத் திசுவுக்கும் கேடு இல்லை. தொடங்க வேண்டிய நேரத்தில் தொடங்கி, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தும் ஒழுங்கு குலைவதே கேடு.

செல் சுழற்சி

பிரியும் செல் நான்கு கட்டங்களைக் கடக்கிறது. ஜி1 கட்டத்தில் அது பருக்கிறது. பிரிவதா வேண்டாமா என்பது இங்கேதான் முடிவாகிறது. எஸ் கட்டத்தில் டி.என்.ஏ. முழுவதும் நகலாகிறது. ஜி2 கட்டத்தில் நகல் சரிபார்க்கப்படுகிறது. எம் கட்டத்தில் குரோமோசோம்கள் சமமாகப் பங்கிடப்பட்டுச் செல் இரண்டாகிறது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல்லுக்கு இந்தச் சுற்று முடிய ஒரு நாள் அளவு ஆகும். அதில் எம் கட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே போகிறது. பிரியத் தேவையில்லாத செல்கள் ஜி0 எனப்படும் ஓய்வு நிலைக்குப் போய்விடுகின்றன.

இந்தச் சுழற்சியை நடத்துவது எது என்பது எளிய உயிர்களிடமிருந்தே தெரிய வந்தது. அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் ஹார்ட்வெல், ரொட்டிக்குப் பயன்படும் ஈஸ்டில் சுழற்சி பாதியில் நின்றுபோகும் வகைகளைத் தேடியெடுத்து, அவற்றில் பழுதான மரபணுக்களை இனங்கண்டார். பிரிட்டனில் பால் நர்ஸ் வேறோர் ஈஸ்டில் சிடிசி2 என்ற மரபணுவின் முக்கியத்துவத்தைக் கண்டறிந்தார். 1987-இல் அவருடைய குழு, அந்த மரபணு பழுதான ஈஸ்டுக்குள் மனித மரபணுக்களைச் செலுத்திப் பார்த்தது. மனிதச் செல்லில் அதற்கு இணையான மரபணு உள்ளே போனதும் ஈஸ்ட் மறுபடி பிரிந்தது. நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே வழி பிரிந்துவிட்ட இரண்டு உயிர்கள், செல் பிரிவுக்கு ஒரே பொறியமைப்பை இன்றும் வைத்திருக்கின்றன. டிம் ஹண்ட் 1982-இல் கடல் அர்ச்சினின் முட்டைகளில், ஒவ்வொரு பிரிவுக்கு முன்பும் சேர்ந்து, பிரிவின்போது சிதைந்து மறையும் ஒரு புரதத்தைக் கண்டார். அதற்கு ‘சைக்ளின்’ என்று பெயர் வந்தது. மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சைக்ளின் தனியாக எதையும் செய்வதில்லை. சிடிகே எனப்படும் நொதியோடு அது சேரும்போதுதான் அந்த நொதி வேலை செய்கிறது. சேர்ந்த நொதி மற்ற புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றி, சுழற்சியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளுகிறது. கட்டங்களுக்கு இடையே சோதனைச் சாவடிகளும் உண்டு. டி.என்.ஏ. சேதமடைந்தால் பி53 என்ற புரதத்தின் அளவு கூடுகிறது. அது பி21 என்ற இன்னொரு புரதத்தை உருவாக்கவைத்துச் சிடிகே நொதிகளை முடக்குகிறது. பழுது நீங்கும்வரை சுழற்சி நிற்கிறது. பழுது சரிசெய்ய முடியாத அளவுக்கு இருந்தால், அதே பி53 அந்தச் செல்லைச் சாகவைக்கிறது.

இப்படிச் செல் திட்டமிட்டபடி சாவதும் வளர்ச்சிக் கட்டுப்பாட்டின் ஒரு பகுதி. சி. எலகன்ஸ் என்ற மில்லிமீட்டர் நீளப் புழுவின் உடல் வளரும்போது 1,090 செல்கள் உருவாகின்றன. அவற்றில் சரியாக 131 செல்கள், ஒவ்வொரு புழுவிலும் அதே இடத்தில் அதே நேரத்தில் சாகின்றன. 959 செல்களோடு புழு முழுமை பெறுகிறது. இந்தச் சாவை இயக்கும் மரபணுக்களைக் கண்டறிய வழிவகுத்த சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் மூவரும் 2002-இல் நோபல் பரிசு பெற்றனர்.

வெளியிலிருந்து வரும் கட்டளை

பல செல்கள் கூடி வாழும் உடலில் ஒரு செல் தன் இஷ்டத்துக்குப் பிரிய முடியாது. அக்கம்பக்கத்துச் செல்கள் அனுப்பும் வளர்ச்சிக் காரணிகள் அதற்குத் தேவை. இத்தகைய முதல் காரணிகளைக் கண்டறிந்த ரீட்டா லெவி மொண்டல்சினி, ஸ்டான்லி கோஹன் இருவருக்கும் 1986-இல் நோபல் கிடைத்தது.

வளர்ச்சிக் காரணி செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் வந்து ஒட்டுகிறது. உள்ளே ராஸ் என்ற சிறு புரதம் இயங்கு நிலைக்கு வருகிறது. அங்கிருந்து வரிசையாக நொதிகள் ஒன்றையொன்று தூண்டி, செய்தி உட்கருவை எட்டுகிறது. மிக் போன்ற மரபணுக்கள் விழிக்கின்றன. சைக்ளின் டி உருவாகிறது. செய்தியைக் கடத்தியதும் ராஸ் தானாகவே ஓய்வு நிலைக்குத் திரும்பிவிடும். அடுத்த கட்டளை வந்தால்தான் அது மறுபடி இயங்கும்.

எல்லா வழிகளும் முடிவில் ஆர்பி என்ற புரதத்திடம் வந்து சேர்கின்றன. டி.என்.ஏ. நகலெடுப்புக்கு வேண்டிய மரபணுக்களை இயக்குபவை இ2எஃப் புரதங்கள். ஆர்பி அவற்றைப் பிடித்துவைத்திருக்கும்வரை செல் எஸ் கட்டத்துக்குள் நுழைய முடியாது. சைக்ளின் டி-யும் சிடிகே4, சிடிகே6 நொதிகளும் ஆர்பி மீது பாஸ்பேட்டை ஏற்றும்போது பிடி தளர்கிறது. இந்த இடத்தைத் தாண்டிவிட்ட செல், வளர்ச்சிக் காரணியை அகற்றிவிட்டாலும் பிரிந்தே தீரும்.

முதிர்ச்சி எப்படி வருகிறது

நரம்புச் செல்லிலும் தோல் செல்லிலும் இருக்கும் டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றேதான். முதிரும்போது மரபணுக்கள் தொலைந்துபோவதில்லை என்பதை ஜான் கர்டன் 1962-இல் காட்டினார். தவளைத் தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு செயலிழக்கச் செய்யப்பட்ட முட்டைக்குள் வைத்தபோது, அதிலிருந்து புதிய தலைப்பிரட்டைகளும் தவளைகளும் வளர்ந்தன. குடல் செல்லுக்குள் முழு உடலுக்கான மரபணுக்களும் இருந்தன. எவை பேச வேண்டும், எவை மௌனமாக வேண்டும் என்பதில்தான் செல்லுக்குச் செல் வேறுபாடு.

அதை முடிவுசெய்பவை, டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து மரபணுக்களை இயக்கும் புரதங்கள். 1987-இல் கண்டறியப்பட்ட மையோடி இதற்கு நல்ல உதாரணம். இணைப்புத் திசுவின் செல்லுக்குள் இந்த ஒரே மரபணுவை இயக்கினால், அந்தச் செல் தசைச் செல்லாக மாறத் தொடங்கிவிடும். மையோடி தசைக்குரிய மரபணுக்களை மட்டும் எழுப்புவதில்லை. சுழற்சியை நிறுத்தும் பி21 புரதத்தையும் உருவாக்கவைக்கிறது. தசையாக மாறு என்ற கட்டளைக்குள்ளேயே பிரிவதை நிறுத்து என்ற கட்டளையும் இருக்கிறது. ஆர்பி இல்லாத செல்லில் தசையாக முதிர்வதும் தடுமாறுகிறது. வளர்ச்சியும் முதிர்ச்சியும் பிணைந்திருக்கும் முடிச்சு இதுதான்.

முடிச்சை எதிர்த்திசையில் அவிழ்க்கவும் முடியும். ஷின்யா யமனாகா 2006-இல், எலியின் முதிர்ந்த செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருநிலைக் குருத்தணு (ஸ்டெம் செல்) போன்ற செல்லாக மாற்றினார். அந்த நான்கில் ஒன்று மிக். பல புற்றுநோய்களில் கட்டுமீறி இயங்கும் மரபணு அது. இப்படி மாற்றிய செல்களைக் கொண்டு உருவான எலிகள் சிலவற்றில் மிக் மறுபடி விழித்துக் கட்டிகள் உண்டாயின.

குடல் குழியில் நடப்பது

கட்டுப்பாடு எப்படி நடக்கிறது, எப்படிக் குலைகிறது என்பதைக் கண்ணால் பார்க்கக் குடலைவிடப் பொருத்தமான இடம் இல்லை. குடலின் உட்சுவரில் லட்சக்கணக்கான நுண்குழிகள் உள்ளன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில குருத்தணுக்கள் இருக்கின்றன. 2007-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் க்ளெவர்ஸின் குழு இவற்றை அடையாளம் கண்டது. குழியின் அடியில் ‘விண்ட்’ எனப்படும் சமிக்ஞை பலமாக இருக்கிறது. அது இருக்கும்வரை செல் பிரியும். பிரிந்த செல்கள் மேலே நகரும்போது விண்ட் குறைகிறது. சில தடவை பிரிந்தபின் அவை நின்று, சத்தை உறிஞ்சும் செல்லாகவோ சளி சுரக்கும் செல்லாகவோ முதிர்ந்து, உச்சியை அடைந்து உதிர்ந்துவிடுகின்றன.

விண்ட் கட்டளையைச் செல்லுக்குள் கொண்டுசெல்வது பீட்டா கேட்டனின் என்ற புரதம். கட்டளை இல்லாத நேரத்தில் அதை அழிக்க உதவுவது ஏபிசி. பெருங்குடல் செல் ஒன்றில் ஏபிசி மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால், பீட்டா கேட்டனின் அழியாமல் சேர்ந்துகொண்டே போகும். அந்தச் செல் மேலே வந்துவிட்டாலும், இன்னும் குழியின் அடியில் இருப்பதாகவே நடந்துகொள்ளும். முதிராது, உதிராது, பிரியும். அங்கே ஒரு சிறு கட்டி முளைக்கிறது. மருத்துவர்கள் அதைப் பாலிப் என்கிறார்கள்.

பாலிப் உடனே புற்றாகிவிடாது. ராஸ் மரபணு பழுதாகலாம், பிறகு பி53 கைவிடலாம். ஒவ்வொரு பழுதும் அந்தச் செல்லின் சந்ததிக்கு மேலும் ஒரு சலுகையைத் தருகிறது. பெர்ட் வோகல்ஸ்டீனும் எரிக் ஃபியரானும் 1990-இல் இந்தப் படிநிலைகளை வகுத்துக் காட்டினர். இதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். அந்த இடைவெளியில் கொலோனோஸ்கோப்பி செய்து பாலிப்பை அகற்றினால், வரவிருந்த புற்றுநோய் தடுக்கப்படுகிறது. பழுதான ஏபிசி-யைப் பிறப்பிலேயே பெற்றவர்களுக்கு இளம் வயதிலேயே நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் தோன்றும். சிகிச்சை இல்லாவிட்டால் அவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வருகிறது.

பயாப்ஸி அறிக்கைகளில் ‘வெல் டிஃபரென்ஷியேட்டட்’, ‘பூர்லி டிஃபரென்ஷியேட்டட்’ என்று எழுதப்படுவதும் இந்த முதிர்ச்சியைப் பற்றித்தான். கட்டியின் செல்கள் தாம் பிறந்த திசுவின் சாயலை எவ்வளவு தக்கவைத்திருக்கின்றன என்பதை அது சொல்கிறது. பொதுவாகச் சாயல் குறையக் குறைய, நோயின் வேகம் கூடுகிறது.

தூண்டுபவை, தடுப்பவை

புற்றுநோய்க்குக் காரணமான மரபணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கான விடை ஒரு கோழியிடம் தொடங்கியது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பெய்டன் ரவுஸ், 1911-இல் கோழியின் சதைப் புற்றை அரைத்து, செல்கள் எதுவும் போக முடியாத நுண்வடிகட்டியில் வடித்தார். அந்தச் சாற்றை வேறு கோழிக்குச் செலுத்தியபோது அதற்கும் புற்று வந்தது. ஒரு வைரஸ்தான் காரணம். அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் கிடைத்தது 1966-இல்.

அந்த வைரஸில் புற்றை உண்டாக்குவது சார்க் என்ற ஒரே மரபணு. 1976-இல் மைக்கேல் பிஷப், ஹெரால்ட் வார்மஸ் குழுவினர், நோயில்லாத சாதாரணக் கோழியின் டி.என்.ஏ.விலேயே சார்க் இருப்பதைக் காட்டினர். வைரஸ் எந்தக் காலத்திலோ கோழியிடமிருந்து அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. புற்றுநோயை உண்டாக்கும் மரபணு, செல்லின் அன்றாட வளர்ச்சிக்கு உழைக்கும் மரபணுவின் திரிந்த வடிவம் என்று அப்போது தெரிந்தது. 1982-இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்லின் ராஸ் மரபணுவில், டி.என்.ஏ.வின் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது கண்டறியப்பட்டது. அந்த ஓர் எழுத்தால் ராஸ் ஓய்வு நிலைக்குத் திரும்ப முடியாமல், கட்டளை வராதபோதும் பிரியச் சொல்லிக்கொண்டே இருந்தது.

இன்னொரு வகை மரபணுக்கள் வளர்ச்சியைத் தடுப்பவை. குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயில் 48 பேரின் விவரங்களை ஆல்ஃப்ரெட் நட்ஸன் 1971-இல் ஆராய்ந்தார். குடும்பவழியில் வரும் நோய் சிறு வயதிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும் தோன்றியது. மற்றக் குழந்தைகளுக்குச் சற்றுத் தாமதமாக, ஒரு கண்ணில் மட்டும் வந்தது. மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால்தான் புற்று வரும், குடும்பவழியில் வந்தவர்கள் ஒரு பழுதோடு பிறக்கிறார்கள் என்று அவர் முடிவுக்கு வந்தார். 1986-இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. எஸ் கட்டத்தின் வாசலில் நிற்கும் ஆர்பி புரதத்தின் மரபணுவே அது.

தடுக்கும் மரபணுக்களில் அதிகம் பழுதாவது பி53. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் அது மாறியிருக்கிறது. புகையிலைப் புகையில் உள்ள பென்சோபைரீன், நுரையீரல் புற்றில் பி53 அடிக்கடி பழுதாகும் அதே இடங்களில் ஒட்டிக்கொள்கிறது என்று 1996-இல் காட்டப்பட்டது. புகைப் பழக்கம் மரபணுவிலேயே தடயத்தை விட்டுச்செல்கிறது.

இரு தடைகளையும் தகர்க்கும் வைரஸ்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ் என்பதை ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் 1980களில் நிறுவினார். 2008-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இந்த வைரஸ் பெருகும் இடம், முதிர்ந்து பிரிவை நிறுத்திவிட்ட மேலடுக்குச் செல்கள். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் முழுக் கருவிகள் வைரஸிடம் இல்லை. செல்லின் கருவிகளே வேண்டும். ஆகவே அதன் இ7 புரதம் ஆர்பியை ஒழித்து, ஓய்ந்த செல்லை மறுபடி எஸ் கட்டத்துக்கு இழுக்கிறது. அப்போது எச்சரிக்கையாக எழும் பி53-ஐ இ6 புரதம் அழித்துவிடுகிறது. பெரும்பாலான பெண்களின் உடல் இந்தத் தொற்றை ஓரிரு ஆண்டுகளில் வென்றுவிடும். நீங்காமல் தங்கிவிட்டால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறக்கூடும்.

1951-இல் இத்தகைய ஒரு கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் இ6, இ7 மரபணுக்களை அடக்கியபோது, பல பத்தாண்டுகளாக ஓயாமல் பெருகிய அந்தச் செல்கள் பிரிவதை நிறுத்தி மூப்படைந்தன. ஆர்பி, பி53 இரண்டின் மரபணுக்களும் அவற்றில் பழுதாகாமல் இருந்தன. தடைகள் திரும்பியதும் செல் பணிந்தது.

மெதுவாக வளரும் நோய் என்பதால், முன்கூட்டியே கண்டறிவது இங்கே உயிர் காக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து, 2007-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இதை நிரூபித்தது. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையை ஒரே ஒருமுறை செய்ததில், நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. இன்று தடுப்பூசியும் இருக்கிறது.

முதிரவைக்கும் மருந்து

புற்றுச் செல்லைக் கொல்லாமல் முதிரவைத்தே நோயைத் தீர்க்க முடியுமா? ஒரு நோயில் முடிந்திருக்கிறது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லூகேமியா என்பது ரத்தப் புற்றுநோய்களில் ஒரு வகை. வெள்ளையணுக்கள் புரோமைலோசைட் என்ற இளம் பருவத்திலேயே நின்று, அங்கேயே பெருகும். முன்பெல்லாம் ரத்தக்கசிவால் நோயாளிகள் சில வாரங்களில் இறந்துபோவார்கள். 15, 17-ஆம் குரோமோசோம்கள் உடைந்து மாறி ஒட்டிக்கொள்வதே இதன் காரணம். வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பி, வேறொரு புரதத்தோடு ஒட்டிய கலப்புப் புரதமாகிவிடுகிறது. முதிர்ச்சிக்கான மரபணுக்களை அது பூட்டிவைக்கிறது.

ஷாங்காயில் வாங் ஜென்யி, 1980களின் நடுவில் ஏடிஆர்ஏ எனப்படும் ஒரு வகை ரெட்டினாயிக் அமிலத்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1988-இல் அவருடைய குழு வெளியிட்ட அறிக்கையின்படி 24 நோயாளிகளிடமும் நோய் அடங்கியது. அவர்களில் ஒருவருக்கு மட்டுமே கூடுதல் மருந்து தேவைப்பட்டது. அதிக அளவில் தரப்படும் மருந்து கலப்புப் புரதத்தின் பூட்டைத் திறக்க, நின்றுபோயிருந்த செல்கள் முதிர்ந்து, இயல்பாக ஆயுள் முடிந்து மறைகின்றன. சிகிச்சைக்குப் பின் எடுத்த ரத்தத்தில், முழுமையாக முதிர்ந்த வெள்ளையணுக்களுக்குள் ஆவர் தண்டுகள் எனப்படும் ஊசிகள் தென்படுவதுண்டு. அவை லூகேமியாச் செல்லின் அடையாளம். முதிர்ந்து நிற்பது முன்பு புற்றாக இருந்த அதே செல்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் பயன்படுத்திவந்த ஆர்செனிக், கலப்புப் புரதத்தையே சிதைக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நோயின் வீரியம் அதிகமில்லாதவர்களுக்குக் கீமோதெரபி இல்லாமல் இந்த இரு மருந்துகளையும் கொடுத்தபோது, 97 சதவீதத்தினர் இரண்டாண்டுகள் நோய் திரும்பாமல் வாழ்ந்தனர். ஒரே நேரத்தில் ஏராளமான செல்கள் முதிர்வதால் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரலாம். உடனே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கும். அதைச் சமாளித்தால், மிகக் கொடியது எனப்பட்ட லூகேமியா இன்று பெரும்பாலும் குணமாகும் லூகேமியா.

மற்ற புற்றுகளில் ஏன் கடினம்

இந்த வெற்றி எல்லாப் புற்றுநோய்களுக்கும் நீளவில்லை. மேலே சொன்ன லூகேமியாவில் முதிர்ச்சியைத் தடுத்தது பெரும்பாலும் ஒரே கலப்புப் புரதம். அதைத் தாக்கும் மருந்தும் கிடைத்தது. பெருங்குடல், நுரையீரல் கட்டிகளில் பல மரபணுக்கள் பழுதாகியிருக்கும். ஒரு வழியை அடைத்தால் வேறு வழியில் பிரியும் செல் தப்பிப் பெருகும். பி53 போல இழந்துபோன புரதத்தைத் திருப்பிக் கொடுப்பது, கட்டுமீறி இயங்கும் நொதியை அடக்குவதைவிடக் கடினம்.

ஆனாலும் கட்டுப்பாட்டின் ஒவ்வொரு கண்ணியும் இன்று மருந்தின் இலக்கு. நாட்பட்ட மைலாய்டு லூகேமியாவில் குரோமோசோம் மாற்றத்தால் உருவாகும் நொதியை அடக்கும் இமாட்டினிப் 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிடிகே4, சிடிகே6 நொதிகளை அடக்கி, ஆர்பியின் பிடியை நிலைக்கவைக்கும் பால்போசிக்ளிப் 2015-இல் மார்பகப் புற்றுக்கு வந்தது. முதிர்ச்சியைத் தடுக்கும் வேறொரு நொதியை அடக்கும் எனாசிடெனிப், ஒரு வகை லூகேமியாவுக்கு 2017-இல் வந்தது. ராஸின் ஒரு குறிப்பிட்ட திரிபை அடக்கும் முதல் மருந்துக்கு 2021-இல்தான் அனுமதி கிடைத்தது. எழுத்துப் பிழை கண்டறியப்பட்டு 39 ஆண்டுகள் கழித்து.

அதனால்தான் இன்றைய சிகிச்சையில் புற்று எந்த உறுப்பில் வந்தது என்ற கேள்வியோடு, வளர்ச்சிக்கும் முதிர்ச்சிக்கும் இடையே எந்தக் கண்ணி அறுந்தது என்ற கேள்வியும் சேர்ந்து எழுகிறது. பல புற்றுகளில் கட்டியின் மரபணுச் சோதனை முடிவைப் பார்த்தே மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அறுந்ததைச் சீராக்கும் மருந்து இல்லாத இடங்களில், அறுபடாமல் காப்பதே வழி. புகையிலையை விடுவது, ஹெச்.பி.வி. தடுப்பூசி, பாலிப் அகற்றல், கருப்பை வாய்ப் பரிசோதனை ஆகிய நான்கும் அந்த வேலையைச் செய்கின்றன என்பதற்கு உறுதியான சான்று இருக்கிறது.